முப்பத்தைந்து பேர்

பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழி நெடுக அவள் மன்னிப்பு வார்த்தைகளை மனதுக்குள் மடித்து அடுக்கிக்கொண்டே போனாள். ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் எட்டு வருட வேலை. மடிப்பதும் அடுக்குவதும் கைக்கு வந்த பழக்கம். ‘இனிமே நடக்காது மேடம்’ முதலில். ‘வீட்டுல கண்டிச்சு வெச்சிருக்கோம்’ அதற்கு அடுத்தது. அதற்கும் மசியவில்லை என்றால், ‘இந்த ஒரு வாட்டி மட்டும்’. இந்த வருடத்தில் இதே வார்த்தைகளை நான்காவது முறையாக எடுத்துப் போகிறாள். நன்றாக வெளுத்துத்தான் போயிருந்தன.

மகளுக்குப் பள்ளிப் பதிவேட்டில் நீளமாக ஒரு பெயர் உண்டு. வீட்டில் சில்லு. பிறந்தபோது கையளவுதான் இருந்தாள் என்று அப்பா வைத்தது. இப்போது ஒன்பது வயது. முந்தின நாள் பரீட்சை நேரத்தில், வெளிச்சத்தம் கேட்காமல் இருக்க வகுப்பாசிரியை கதவைச் சாத்தியிருக்கிறார். சில்லு எழுந்து போய்த் திறந்தாள். ஆசிரியை மறுபடி சாத்தினார். “திற, திற” என்று அந்த ஒரு வார்த்தையையே சில்லு சொல்லிக்கொண்டிருந்தாள். பயம் வந்துவிட்டால் அவளுக்கு மற்ற வார்த்தைகள் எல்லாம் ஓடி ஒளிந்துகொள்ளும். ஆசிரியை கையைப் பிடித்து இடத்துக்கு இழுத்துப் போகப் பார்த்ததும், மணிக்கட்டில் கடித்துவிட்டாள். பல் நன்றாகவே பதிந்திருந்தது.

அறையில் மேசைக்கு அந்தப் பக்கம் தலைமை ஆசிரியை இருந்தார். சுவரோரம் கிடந்த குட்டி நாற்காலியில், முழங்கால் நெஞ்சை முட்ட, இன்னொரு பெண் உட்கார்ந்திருந்தார். பள்ளிக்குப் புதிதாக வந்திருக்கும் ஆலோசகர், வாரத்தில் இரண்டு நாள் வருவார் என்றார் தலைமை ஆசிரியை. சில்லு அவருக்கு ‘கேள்வி அக்கா’ என்று பெயர் வைத்திருப்பது அம்மாவுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அம்மா முதல் மடிப்பைப் பிரிப்பதற்குள் ஆலோசகர் கேட்டார். “உங்க பொண்ணுக்கு என்னம்மா நல்லா வரும்?”

“நல்லா வரும்னா?”

“அவ நல்லா செய்யற ஒரு விஷயம். சின்னதா இருந்தாலும் பரவாயில்ல.”

அவளுக்குக் காது சூடாகிவிட்டது. பெற்ற பெண்ணைப் பற்றிக் கேட்கிறார்கள். என்னென்ன செய்யமாட்டாள் என்று கேட்டிருந்தால் மூச்சு விடாமல் சொல்லியிருப்பாள். “படம் வரைவா” என்றாள் கடைசியில். சொன்ன பிறகுதான் நினைவு வந்தது: ஓவிய வகுப்பில் வண்ணப் பென்சில் அத்தனையையும் முறித்துப் போட்டதற்குத்தான் மூன்றாவது முறை கூப்பிட்டிருந்தார்கள்.

“கடிக்கிற பொண்ணுக்கு நாம மெடல் குத்தணுமா?” என்றார் தலைமை ஆசிரியை.

“கடிச்சது தப்புதான் மேடம்” என்றார் ஆலோசகர். “அவகிட்ட பேசிட்டேன். என்னென்ன செய்யக்கூடாதுன்னு கேட்டா கடகடன்னு ஒப்பிக்கிறா. என்ன செய்ய வரும்னு கேட்டா முழிக்கிறா. இப்ப அவங்கம்மாவும் அப்படித்தான் முழிக்கிறாங்க.” பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினார். “ஒரு வாரம், தினமும் ஒரு வரி எழுதிட்டு வாங்க. இன்னிக்கு அவ நல்லா செஞ்சது என்னன்னு. சேட்டை பண்ணலங்கறது கணக்குல வராது. ஏதாவது செஞ்சிருக்கணும்.”

“மாசக் கடைசி வரைக்கும் பார்ப்போம்” என்று தலைமை ஆசிரியை எழுந்துகொண்டார். “அதுக்குள்ள இன்னொண்ணு நடந்தா, நீங்க வேற பள்ளிக்கூடம் பார்த்துக்கறதுதான் நல்லது.”

வீட்டில் அப்பா ஜன்னலோர மேசையில் மின்விசிறி மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். மூன்று வருடத்துக்கு முன்பு வேலையிடத்தில் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து வெளிவேலைக்குப் போவதில்லை. விஷயத்தைக் கேட்டுவிட்டு, “நல்லா கடிக்கிறான்னு எழுது. ஒரு சொத்தைப் பல் கிடையாது” என்றார்.

“உங்களுக்கு எல்லாம் விளையாட்டு.”

“விளையாட்டு இல்லம்மா” என்றார் அவர், கம்பியிலிருந்து கண்ணை எடுக்காமல். “பயத்துல வாயில வர்றது.”

முதல் இரண்டு நாளும் தாள் வெள்ளையாகவே கிடந்தது. அவளுக்குச் சந்தேகம் வேறு. இது ஏதோ சோதனை. தாள் காலியாகத் திரும்பினால், ‘பார்த்தீங்களா, பெத்தவளுக்கே ஒண்ணும் தோணல’ என்று அதையே காரணம் காட்டி வெளியே அனுப்பப்போகிறார்கள். மூன்றாம் நாள் சாயங்காலம் வாசலில் ஒரு ஆள் வந்து நின்றான். கீழ்வீட்டுத் தையல்காரரைத் தேடி வந்தவன், கதவு பூட்டியிருக்கிறதே என்று கேட்டான். சில்லு தரையில் குப்புறப் படுத்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே சொன்னாள்: “டெய்லர் அங்கிள் பின்பக்கமா போனாரு. ஆன்ட்டி இன்னும் வரல. பாப்பா எதிர்வீட்டுல இருக்கு. மாடி அண்ணன் மட்டும் இப்பத்தான் வந்தாரு.”

அம்மா கீழேயும் மேலேயும் போய்ப் பார்த்தாள். ஒன்றுகூடத் தப்பில்லை.

“உனக்கு எப்படிடி தெரியும்?”

“கால் சத்தம்.”

மூன்று மாடி, ஆறு வீடு. யார் உள்ளே, யார் வெளியே, யார் எப்போது திரும்புவார்கள் என்பதெல்லாம் அவளுக்கு எந்நேரமும் அத்துப்படி. அம்மா அன்று அதைத் தாளில் எழுதினாள். அது எங்கிருந்து வந்தது என்பதை எழுதவில்லை.

அவளுக்கு அது தெரியும். கணவர் ஏணியிலிருந்து விழுந்த அன்று போன் வந்ததும் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அறுவை சிகிச்சைக் கூடத்து வாசலில் நின்றாள், கையெழுத்துப் போட்டாள், இரத்தத்துக்கு அலைந்தாள். ஏழு மணிக்குத்தான், தனக்கு ஆறு வயதில் ஒரு பெண் இருப்பதும், அது மூன்றரை மணிக்கே பள்ளி வண்டியில் வந்து இறங்கியிருக்கும் என்பதும் மண்டையில் உறைத்தது. ஓடி வந்து பார்த்தபோது சில்லு பையைக்கூடக் கழற்றாமல், பூட்டைக் கையால் பிடித்தபடி நின்றிருந்தாள். அழவில்லை. ஒன்றும் கேட்கவுமில்லை. கேட்காததால் அம்மாவும் பேசவில்லை. பிறகு கணவருக்கு ஏழு மாதப் படுக்கை. மகள் கதவுகளோடு சண்டை போட ஆரம்பித்தபோது பள்ளியில் ஃபாரம் கொடுத்தார்கள்: ‘குழந்தையைப் பாதித்த நிகழ்வு ஏதேனும்?’ மூன்று வருடம், மூன்று ஃபாரம். மூன்றிலும் ‘இல்லை’ என்று எழுதினாள். பெற்ற பிள்ளையை மறந்துபோனேன் என்று எந்தத் தாய் எழுதிக் கொடுப்பாள்?

ஆலோசகர் தாளை இரண்டு முறை படித்தார். “இது எப்பலேருந்து?”

“சின்னதுலேருந்தே அப்படித்தான்.”

அவர் அதற்குமேல் தோண்டவில்லை. “எங்கேருந்து வந்துச்சோ, வந்திருக்கு. இத வெச்சு ஒரு வேலை கொடுத்துப் பார்ப்போம்.”

வேலை இதுதான். சில்லுவின் இடம் வாசலோரத்துக்கு மாறியது. கதவு ஒரு சாண் திறந்தே இருக்கும். வகுப்பிலிருந்து யார் வெளியே போனாலும் அவளிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். அவள் ஒரு குட்டி நோட்டில் குறித்துக்கொள்வாள். மணிக்கட்டில் கட்டோடு இருந்த வகுப்பாசிரியை அரை மனதோடுதான் ஒப்புக்கொண்டார். இரண்டு வாரம் கழித்து வாசலில் அம்மாவைப் பார்த்து அவரே நின்றார். “தண்ணி குடிக்கப் போறேன்னு ரெண்டு பசங்க தினம் ஊர்வலம் போயிட்டு வருவானுங்க. இப்ப அந்தப் பருப்பு வேகல.”

அம்மா சிரித்து வைத்தாள். உள்ளுக்குள் பயம் குறையவில்லை, கூடியிருந்தது. முன்பு இழப்பதற்கு ஒன்றுமில்லை. இப்போது பதினோரு நல்ல நாள் இருந்தன. பன்னிரண்டாவது நாள் எப்படி விடியுமோ?

அந்தச் சமயத்தில்தான் வகுப்பை மீன் காட்சியகத்துக்குக் கூட்டிப்போவதாக அறிவிப்பு வந்தது. சில்லுவை விட்டுவிட்டுப் போகலாம் என்பது தலைமை ஆசிரியையின் எண்ணம். “நான் கூடப் போறேன்” என்று ஆலோசகர் பொறுப்பேற்றுக்கொண்டார். சம்மதக் கடிதத்தில் அம்மா போட்ட கையெழுத்து அவளுடையது மாதிரியே இல்லை.

சலவைப் பிரிவில் போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். அன்று மட்டும் மேற்பார்வையாளரிடம் கெஞ்சி மேலங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். சூடான உருளைகளுக்கு நடுவே ஈர விரிப்பைக் கொடுக்கிற வேலை. மறுபக்கம் அது காய்ந்து வெளிவரும். இரண்டு முறை விரிப்பு கோணலாகப் போய்ச் சுருண்டது. அந்தப் பக்கம் மடிக்கிற அக்கா எட்டிப் பார்த்தாள். “கையைப் பாரும்மா. விரலும் சேர்ந்து இஸ்திரி ஆயிடப் போவுது.”

பன்னிரண்டு ஆயிற்று. இரண்டு ஆயிற்று. மூன்று மணிக்குப் பேருந்து கிளம்பிவிடும் என்று சொல்லியிருந்தார்கள். மூன்றும் தாண்டியதும் நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது போலிருந்தது. மூன்று பத்துக்குப் போன் அடித்தது.

“உங்க பொண்ணு பஸ்ஸை எடுக்க விடமாட்டேங்கறா. உடனே வாங்க” என்றார் வகுப்பாசிரியை. அவர் குரலுக்குப் பின்னால் இன்னொரு குரல், தேய்ந்துபோன குரல், திரும்பத் திரும்பக் கேட்டது: “முப்பத்தஞ்சு. முப்பத்தஞ்சு.”

மேலங்கியைக்கூடக் கழற்றாமல் டாக்ஸி பிடித்தாள். மாசக் கடைசிக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. ஒன்பது நாள் தாக்குப்பிடித்திருந்தால் போதுமே என்று நினைத்தாள். யாரைக் கடித்திருப்பாள்? அடுத்த பள்ளிக்கூடம் எங்கே இருக்கிறது? அங்கேயும் கதவு இருக்குமே. சிக்னலில் வண்டி நின்ற ஒவ்வொரு தடவையும் கால் தானாகத் தரையை அழுத்தியது.

காட்சியகத்து வாகன நிறுத்தத்தில் பேருந்து நின்றது. ஜன்னல் முழுக்கக் குழந்தைகளின் முகம். பேருந்தின் கீழ்ப்படியில், இரண்டு பக்கக் கம்பியையும் இறுக்கிப் பிடித்து, வாசலை அடைத்துக்கொண்டு சில்லு நின்றிருந்தாள். ஓட்டுநர் எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அம்மா முதலில் பார்த்தது அவர் கையைத்தான். பல் தடம் எதுவும் இல்லை.

“நாலு தடவை எண்ணிட்டேங்க” என்றார் ஆசிரியை. வெயிலில் முகம் சிவந்திருந்தது. “முப்பத்தொண்ணு. எல்லாரும் இருக்காங்க. இவ முப்பத்தஞ்சுன்னு ஒத்தைக் கால்ல நிக்கறா. வகுப்புலயே முப்பத்தஞ்சு பேர் கிடையாது. தலைமை மேடத்துக்குப் போன் பண்ணிட்டேன்.”

‘இனிமே நடக்காது’ அம்மாவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்போதுதான் மகளின் முகத்தைப் பார்த்தாள். மூன்று வருடத்துக்கு முன்பு பூட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற அதே முகம். அன்று அந்த முகத்திடம் அவள் ஒன்றுமே கேட்கவில்லை.

படிக்குக் கீழே, சூடான தார்த் தரையில், அப்படியே உட்கார்ந்தாள்.

“சில்லு. காலைல எத்தனை பேரு வந்தீங்க?”

“முப்பத்தஞ்சு.”

“இப்ப எத்தனை?”

“முப்பத்திநாலு.”

“முப்பத்தொண்ணும்மா, நான்தான்...” என்று ஆரம்பித்த ஆசிரியை பாதியில் நிறுத்தினார்.

“டீச்சரையும் சேர்த்தா எண்ணின?” சில்லு தலையாட்டினாள். “உள்ள இருக்கற ஆயாம்மாவை? டிரைவரை?” அதற்கும் ஆட்டினாள்.

“அப்ப யாருடா கண்ணு இல்ல?”

உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. ஆசிரியை ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா கையைக் காட்டித் தடுத்தாள். தடுத்த பிறகுதான் யாரைத் தடுத்தோம் என்று அவளுக்கே திக்கென்றது. இருந்தும் காத்திருந்தாள்.

“கேள்வி அக்கா” என்றாள் சில்லு.

ஆசிரியை நெற்றியில் கை வைத்துக்கொண்டார். “அவங்க பன்னண்டு மணிக்கே போயிட்டாங்களே. பையனுக்கு ஜுரம்னு போன் வந்துச்சு. என்கிட்ட சொல்லிட்டுத்தானே போனாங்க.”

“இவகிட்ட?”

ஆசிரியை அவசரமாகக் கைப்பையைத் திறந்தார். போனை எடுத்து ஆலோசகரை அழைத்து, விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிச் சில்லுவின் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

“சில்லு, நான் வீட்டுல இருக்கேன். உன்கிட்ட சொல்லாம வந்துட்டேன். தப்பு என்னோடதுதான்.”

“பையன் இருக்கானா?”

“இருக்கான். மருந்து குடிச்சிட்டுத் தூங்கறான்.”

“நீங்க நாளைக்கு வருவீங்களா?”

“நாளைக்கு வருவேன். ஒம்பது மணிக்கு.”

அவள் கம்பியை விட்டாள். விட்டாள் என்றாலும் விரல்கள் நிமிரவில்லை. அம்மா ஒவ்வொரு விரலாகத் தேய்த்துப் பிரித்துவிட்டாள். அதன் பிறகு சில்லு உள்ளே ஏறிப்போய்த் தன் இருக்கையில் உட்கார்ந்தாள், ஒன்றுமே நடக்காதது போல.

“இவ்வளவுதானா விஷயம்?” என்றார் ஓட்டுநர், தன் இருக்கைக்குப் போகிற போக்கில். “என்னையும் சேர்த்துல்ல எண்ணியிருக்கா. இத்தனை வருஷத்துல டிரைவரை யாரும் ஆள்னு கணக்குல சேர்த்ததே இல்ல.”

மறுநாள் காலை தலைமை ஆசிரியையின் அறையில் நான்கு பேர் இருந்தார்கள். முந்தின நாள் பேருந்து ஒரு மணி நேரம் தாமதம். பெற்றோர்கள் போன்மேல் போன் போட்டிருந்தார்கள்.

“என்மேலதான் தப்பு மேடம்” என்றார் ஆலோசகர். “யார் போனாலும் அவகிட்ட சொல்லணும்னு விதி போட்டது நான். மீறினதும் நான்.”

“இருக்கலாம். ஆனா இன்னிக்கு பஸ்ஸை மறிச்சா. நாளைக்கு எதை மறிப்பா? மத்த முப்பது குழந்தைங்களுக்கும் சேர்த்து நான் பதில் சொல்லணும்.”

அது நியாயமான கேள்வி. அம்மா நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள். “நான் ஒண்ணு சொல்லணும் மேடம்” என்றாள். “எந்த ஃபாரத்துலயும் எழுதாதது.” பூட்டிய வீட்டைச் சொன்னாள். ஏழு மணியைச் சொன்னாள். மறந்துபோனேன் என்ற வார்த்தையை மட்டும் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

அடுத்துப் பேசியது வகுப்பாசிரியை. “டிரைவர் ரெண்டு தடவை அவ கையைப் பிரிச்சு எடுக்கப் பார்த்தாரு மேடம். அவ கடிக்கல. அவ்வளவு நேரமும் கடிக்கல. நான் நாலு தடவை எண்ணினேன். ஒரு தடவைகூட ‘யாரு இல்ல?’ன்னு கேக்கல.” தலைமை ஆசிரியையை நேராகப் பார்த்துச் சொன்னார். “என் வகுப்புலயே இருக்கட்டும்.”

தலைமை ஆசிரியை பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். “வருஷக் கடைசி வரைக்கும்” என்றார். நிபந்தனையும் போட்டார்: எண்ணிக்கையைச் சொன்னால் போதாது, இல்லாதவர் பெயரையும் சொல்லச் சில்லு பழக வேண்டும், பழக்குவது ஆலோசகர் பொறுப்பு. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. அந்த வருடம் முடிவதற்குள் அம்மாவை இன்னும் இரண்டு முறை கூப்பிட்டார்கள். ஒரு முறை அலமாரியை உதைத்து நெளித்ததற்கு. ஆனால் வேறு பள்ளிக்கூடம் என்ற பேச்சு அதன் பிறகு எழவில்லை.

தலைமை ஆசிரியையின் அறையில் பேசிய அன்று சாயங்காலம், ஆலோசகர் சொல்லி அனுப்பியபடி, மூன்று பேரும் தரையில் உட்கார்ந்தார்கள். அப்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரமப்பட்டுத்தான் உட்கார்ந்தார். அம்மாதான் தொடங்கினாள்.

“அப்பா விழுந்த அன்னிக்கு, நான் உன்னை மறந்துட்டேன் சில்லு. உன்மேல கோவமில்ல, ஒண்ணுமில்ல. பயத்துல மறந்துட்டேன்.”

“தெரியும்” என்றாள் சில்லு.

“வேற என்ன தெரியும்?”

அவள் பாவாடை ஓரத்து நூலை இழுத்துக்கொண்டிருந்தாள். நூல் நீளமாக வந்துகொண்டே இருந்தது. “அப்பா செத்துட்டாருன்னு நெனச்சேன். நீ சொல்ல மாட்டேங்கறன்னு.”

அப்பா நிமிர்ந்தார். “எவ்வளவு நாள்டா அப்படி நெனச்ச?”

“ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போற வரைக்கும்.”

அது பதினோரு நாள். சின்னப் பிள்ளைகளை அந்த வார்டுக்குள் விடமாட்டார்கள் என்று காத்திருந்த பதினோரு நாள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தப் பதினோரு நாளும் காலையில் அவளுக்குத் தலை பின்னிவிட்டு, சாப்பாட்டு டப்பாவில் மூடியை அழுத்தி, ‘சமத்தா இரு’ என்று சொல்லித்தான் அனுப்பினாள். அவளும் சமத்தாகத்தான் போய்வந்தாள்.

அப்பா சட்டையைக் கொஞ்சம் தூக்கி இடுப்பிலிருந்த தழும்பைக் காட்டினார். இதுவரை அவளுக்குக் காட்டியதில்லை. “இந்தா பாரு. தொட்டுப் பாரு. இங்கதான் கம்பி வெச்சிருக்காங்க.”

சில்லு நகர்ந்து வந்து, ஒரு விரலால் தழும்பின் மேலிருந்து கீழ்வரை மெதுவாகத் தடவினாள். “கோணலா தெச்சிருக்காங்க” என்றாள்.

“அவசரத்துல தெச்சது” என்றார் அப்பா.

“வலிச்சுதா?”

“ரொம்ப வலிச்சுது.”

“அழுதியா?”

அப்பா அம்மாவைப் பார்த்தார். பிறகு, “அழுதேன்” என்றார்.

சில்லு அவர் பக்கத்தில், தழும்பில் படாமல், சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.